தவ்பா செய்ய நினைப்பவருக்கு: எங்கே தொடங்குவது, எதையெல்லாம் தீர்ப்பது

தவ்பா (பாவத்தை விட்டு அல்லாஹ்விடம் திரும்புவது) பற்றிய பயான்களை, அதாவது மார்க்க உரைகளைக் கேட்டு மனம் இளகியிருக்கும். அழுதும் இருப்பீர்கள். ஆனால் "சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று உட்கார்ந்தால் கை ஓடாது. அல்லாஹ் மன்னிப்பவன் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். விட்ட தொழுகையை என்ன செய்வது, இறந்துபோனவரிடம் பட்ட கடனை யாரிடம் கொடுப்பது, முறித்த சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அப்படிப் பல இடங்களில் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எந்தப் பாவத்துக்காக நான் இவ்வளவு அலைந்தேன் என்று எழுதமாட்டேன். ஏன் என்பது 2ஆம் படியில் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவ்பாவில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மன்னிப்புக் கேட்பது ஒன்று, பாக்கியைத் தீர்ப்பது இன்னொன்று. முதல் வேலைக்குச் சில நிமிடங்கள் போதும், காசு பணம் எதுவும் வேண்டாம். இரண்டாவது வேலை மாதக்கணக்கில் போகலாம், வருடக்கணக்கிலும் போகலாம். "எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அப்புறம் தவ்பா செய்கிறேன்" என்று தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். வரிசை அப்படியில்லை. முதலில் கேளுங்கள், தீர்க்கும் வேலையை இன்றே தொடங்குங்கள்.

1. முதலில் அந்தக் காரியத்தை நிறுத்துங்கள்

தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகளை உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள்: பாவத்தை விட்டுவிடுவது, செய்ததற்கு வருந்துவது, இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று உறுதி எடுப்பது. அதில் இன்னொரு மனிதரின் ஹக்கு (உரிமை) சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று சேரும். அந்த ஹக்கை அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நிறுத்துவது என்றால் கைக்கு எட்டாத தூரத்துக்கு அதைத் தள்ளுவது. ஃபோனில் அந்த எண் இருக்கிறதா, அழித்துவிடுங்கள். அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வாருங்கள். சத்தமில்லாமல் மியூட் செய்து வைப்பது போதாது, ஏனென்றால் ஒரு வாரத்தில் நீங்களே திறந்து பார்ப்பீர்கள்.

நூறு கொலை செய்தவரின் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவர் முதலில் ஒரு துறவியிடம் போய், தனக்குத் தவ்பா உண்டா என்று கேட்கிறார். துறவி இல்லை என்கிறார். அவரையும் கொன்று நூறை முடிக்கிறார். அப்புறம் ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போகிறார். "உனக்கும் தவ்பாவுக்கும் நடுவில் யார் குறுக்கே நிற்க முடியும்? உன் ஊர் கெட்ட ஊர், அதை விட்டுவிட்டு நல்லவர்கள் இருக்கும் இன்ன ஊருக்குப் போ" என்கிறார் ஆலிம். வழியிலேயே மரணம் வருகிறது. இரு ஊருக்குமான தூரத்தை அளந்தபோது நல்ல ஊர்ப் பக்கம் ஒரு சாண் நெருங்கியிருந்ததால் ரஹ்மத்துடைய மலக்குகள் (அருளின் வானவர்கள்) அவரை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் உங்களுக்கு நேரடியாக உதவும். ஒன்று, பழைய சூழலிலேயே உட்கார்ந்துகொண்டு உறுதி எடுக்கப் பார்க்காதீர்கள். இரண்டு, கேள்வியை யாரிடம் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். நிறைய வணக்கம் செய்கிறவர் எல்லோரும் மார்க்கச் சட்டம் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். "உனக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமக்குத் தாமே அநீதி செய்துகொண்டவர்கள் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம், அவன் எல்லாப் பாவங்களையும் மன்னிக்கிறான் என்று குர்ஆன் (39:53) சொல்கிறது. இணைவைத்தல்கூட, இறப்பதற்கு முன் அதை விட்டுத் திரும்பினால், மன்னிக்கப்படும். அதே நிலையில் இறந்துவிட்டால்தான் மன்னிப்பில்லை.

2. யாரிடமும் சொல்லாதீர்கள்

இஸ்லாத்தில் பாவத்தை ஒருவர் முன் போய் ஒப்புவிக்கும் முறை கிடையாது. இமாமிடமோ பெற்றோரிடமோ கணவன் மனைவியிடமோ சொன்னால்தான் தவ்பா கூடும் என்பது தவறான எண்ணம். இரவில் ஒருவன் பாவம் செய்கிறான், அல்லாஹ் அதை மறைத்துவிடுகிறான், விடிந்ததும் அவனே "நேற்று நான் இன்னது செய்தேன்" என்று அடுத்தவனிடம் சொல்கிறான் என்றால், மன்னிப்பு கிடைக்கும் கூட்டத்திலிருந்து அவன் தன்னைத்தானே வெளியேற்றிக்கொள்கிறான் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உண்டு.

"நான் முன்னாடி எப்படி இருந்தேன் தெரியுமா" என்று நண்பர்களிடம் கதை சொல்வதும் இதில்தான் வரும். மாறிவிட்ட பெருமிதத்தில் பழையதை விவரமாகச் சொல்கிற வழக்கம் இப்போது வீடியோக்களில் அதிகமாகியிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனாலும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆலிமிடம் சட்டம் கேட்க வேண்டுமென்றால் "ஒருவர் இப்படிச் செய்துவிட்டார், அவர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்த எந்த ஆலிமும் அந்த ஒருவர் யார் என்று துருவமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. நீங்கள் மறைப்பதால் வேறொருவர் தண்டிக்கப்படுகிறார், அல்லது ஒருவருக்குத் தொடர்ந்து தீங்கு நடக்கிறது என்றால் இந்தப் படியைக் காரணம் காட்டி வாயை மூடிக்கொள்ள முடியாது. அது அடுத்தவரின் ஹக்கு.

3. உளூச் செய்யுங்கள், இரண்டு ரக்அத் தொழுங்கள், கேளுங்கள்

பாவம் செய்த ஒருவர் நல்ல முறையில் உளூ (தொழுகைக்கு முன் கை, முகம் கழுவிச் சுத்தம் செய்வது) செய்து, எழுந்து இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுது, அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டால் அவன் மன்னிக்காமல் இருப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. இதைத்தான் தவ்பாத் தொழுகை என்கிறோம். இதற்கென்று தனி சூரா எதுவும் இல்லை. தெரிந்ததை ஓதுங்கள். ஸஜ்தாவில் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டலாம், ஸலாம் கொடுத்த பின் கையேந்தி உங்கள் மொழியிலும் கேட்கலாம்.

சுப்ஹு தொழுத பின் சூரியன் நன்றாக உதிக்கும் வரையும், அஸர் தொழுத பின் மறையும் வரையும், சூரியன் உச்சியில் இருக்கும்போதும் நஃபில் (கடமையல்லாத தொழுகை) தொழுவதில் தடை இருக்கிறது. இந்தத் தொழுகை அதில் அடங்குமா என்பதில் மத்ஹபுகளுக்கு (ஹனஃபி, ஷாஃபி போன்ற மார்க்கச் சட்ட வழிகளுக்கு) இடையே பேச்சு உண்டு. சிக்கல் வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொழுகையை அப்புறம் தொழுங்கள். மாதவிடாயில் இருக்கும் பெண்களும் அப்படித்தான்: தொழுகை இல்லாமலேயே தவ்பா கூடும். தொழுகை அதற்கு அழகு, நிபந்தனை இல்லை.

என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாவிட்டால் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" போதும். இன்னும் முழுமையாகக் கேட்க, பாவமன்னிப்பு துஆக்களின் தலைவர் என்று நபி (ஸல்) சொன்ன ஸய்யிதுல் இஸ்திக்ஃபாரை மனனம் செய்துகொள்ளுங்கள்:

"அல்லாஹும்ம அன்த ரப்பீ, லா இலாஹ இல்லா அன்த, கலக்தனீ வஅன அப்துக, வஅன அலா அஹ்திக வவஃதிக மஸ்ததஃது, அஊது பிக மின் ஷர்ரி மா ஸனஃது, அபூஉ லக பிநிஃமதிக அலைய்ய, வஅபூஉ லக பிதன்பீ, ஃபக்ஃபிர்லீ, ஃபஇன்னஹு லா யக்ஃபிருத் துனூப இல்லா அன்த."

பொருள்: இறைவா, நீயே என் ரப்பு. உன்னைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை. நீ என்னைப் படைத்தாய், நான் உன் அடிமை. என்னால் முடிந்த அளவு உன் உடன்படிக்கையிலும் வாக்கிலும் இருக்கிறேன். நான் செய்ததன் தீங்கிலிருந்து உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன். நீ எனக்குச் செய்த அருளையும் ஒப்புக்கொள்கிறேன், என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு, உன்னைத் தவிர வேறு யாரும் பாவங்களை மன்னிக்கமாட்டார்கள்.

இதை உறுதியோடு பகலில் ஓதி மாலைக்குள் இறந்தவரும், இரவில் ஓதி விடிவதற்குள் இறந்தவரும் சொர்க்கவாசி என்று புகாரியில் வருகிறது. தமிழ் எழுத்தில் அரபு உச்சரிப்பு முழுதாக வராது. ஓதத் தெரிந்தவர் வாயால் ஒருமுறை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதி சிறந்தது. மஃரிபிலிருந்து சுப்ஹு வரை உள்ள நேரத்தை மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பங்கு. மஃரிபு மாலை 6 மணி, சுப்ஹு காலை 5 மணி என்றால் ஏறக்குறைய 1.20க்குத் தொடங்கும். ஆனால் இதற்காகக் காத்திருக்காதீர்கள். ரமளான் வரட்டும், லைலத்துல் கத்ரு வரட்டும், ஹஜ்ஜுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பொறிதான். கெடு முடியும் நேரம் யாருக்கும் தெரியாது: உயிர் தொண்டைக்குழிக்கு வரும் வரைதான் வாசல் திறந்திருக்கும். சாவு வந்து நிற்கும்போது "இப்போது தவ்பா செய்கிறேன்" என்பவருக்குத் தவ்பா இல்லை என்று குர்ஆன் (4:18) தெளிவாகவே சொல்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகத் தவ்பா செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். இந்தப் படிக்குச் செலவு எதுவும் கிடையாது.

4. ஒரு நோட்டு போடுங்கள்: அல்லாஹ்வுக்குரிய பாக்கி

இங்கிருந்துதான் உண்மையான வேலை. ஒரு நோட்டு எடுங்கள். அதில் பாவத்தை எழுதாதீர்கள், பாக்கியை மட்டும் எழுதுங்கள். அது நாளை யார் கையிலும் சிக்கலாம். களா என்றால் விட்டதைப் பின்னால் நிறைவேற்றுவது. "லுஹர் களா: 1,400" என்று இருக்கலாம், ஏன் விட்டீர்கள் என்று இருக்கக் கூடாது.

புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். இஸ்லாம் அதற்கு முன் இருந்ததை அழித்துவிடுகிறது என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். முன்பு தொழாததற்கு உங்களிடம் களா இல்லை. மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனை மட்டும் கொடுங்கள்.

*விட்ட தொழுகை.* வேண்டுமென்றே விட்டாலும் களாச் செய்தாக வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளின் நிலை. அதற்குக் களா இல்லை, நஃபிலை அதிகப்படுத்த வேண்டும் என்று இப்னு தைமிய்யா போன்ற சில அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எந்த வழியில் போகிறவரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சுலபமாகத் தெரிகிறதே என்று இங்கே மட்டும் கட்சி மாறாதீர்கள்.

கணக்கு பருவமடைந்த நாளிலிருந்து தொடங்கும். சந்திர வருடத்துக்கு 354 நாள் வைத்துக்கொள்ளுங்கள். 6 வருடம் விட்டிருந்தால் 2,124 நாள், ஐந்து வேளைக்கு 10,620 தொழுகை. ஹனஃபிகள் வித்ரையும் (இஷாவுக்குப் பின் தொழும் தொழுகை) சேர்க்க வேண்டும். பெண்கள் மாதவிடாய் நாட்களைக் கழித்துவிடலாம், அந்தத் தொழுகைகளுக்குக் களா இல்லை. சரியான எண்ணிக்கை நினைவில்லையென்றால் இதற்கு மேல் இருக்காது என்று மனம் ஒப்பும் எண்ணை எழுதுங்கள்.

பத்தாயிரம் என்று பார்த்ததும் நோட்டை மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். ஒவ்வொரு ஃபர்ளு (கடமைத் தொழுகை) தொழும்போதும் அதே வேளையின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுதால், எத்தனை வருடம் விட்டீர்களோ அத்தனை வருடத்தில் முடியும். இரண்டு சேர்த்தால் பாதி. ஒரு நாளின் ஃபர்ளு மொத்தம் 17 ரக்அத்துதான், விடுமுறை நாளில் ஒரே இருப்பில் இரண்டு மூன்று நாள் களாவை முடித்துவிடலாம். நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, ஒன்று முடிந்ததும் ஒரு கோடு, ஐந்தாவது கோட்டைக் குறுக்காக. பென்சில் வேண்டாம், பேனாவில் போடுங்கள். ஆறு மாதத்தில் அந்தப் பக்கமே உங்களைத் தொழவைக்கும்.

*விட்ட நோன்பு.* ஒன்றுக்கு ஒன்று களா. அடுத்த ரமளான் வரை காரணமில்லாமல் தள்ளிப்போட்டிருந்தால் ஷாஃபியில் நாளொன்றுக்கு ஒரு முத்து (ஒரு பழைய அளவை) தானியம் ஃபித்யாவும் (ஈடாகக் கொடுப்பது) சேரும், ஹனஃபியில் களா மட்டும். ரமளான் பகலில் நோன்போடு உடலுறவு கொண்டிருந்தால் பெரிய கஃப்பாரா (பரிகாரம்): 60 நாள் தொடர் நோன்பு. அதற்கு உடல் தாங்காது என்றால் மட்டும் 60 ஏழைகளுக்கு உணவு. வேண்டுமென்றே சாப்பிட்டதற்கும் இதே கஃப்பாரா உண்டு என்பது ஹனஃபி, ஷாஃபியில் இல்லை. தேதி பார்க்காமல் தொடங்கிவிடாதீர்கள். 60 நாளுக்குள் ரமளானோ, இரண்டு பெருநாளோ, துல்ஹஜ் 11, 12, 13ஆம் நாட்களோ குறுக்கே வந்தால் தொடர் அறுந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டிவரும். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

*முறித்த சத்தியம்.* இதில்தான் பலர் தவறுகிறார்கள். "மூன்று நோன்பு வைத்தால் போச்சு" என்கிறார்கள். குர்ஆன் (5:89) சொல்லும் வரிசை வேறு: உங்கள் குடும்பத்துக்குக் கொடுக்கும் நடுத்தர உணவைப் பத்து ஏழைகளுக்குக் கொடுப்பது, அல்லது அவர்களுக்கு உடை கொடுப்பது. அடிமையை விடுதலை செய்வதும் அதில் இருக்கிறது, இன்று அதற்கு வழியில்லை. இதற்கெல்லாம் வசதியில்லாதவருக்குத்தான் மூன்று நோன்பு. பணம் இருந்தும் நோன்பு வைத்தால் கஃப்பாரா நிறைவேறாது.

*கொடுக்காத ஸகாத் (கடமையான தர்மம்).* இதற்குத்தான் ஆவணம் வேண்டும். பழைய வங்கிக் கணக்கு அறிக்கைகள், நகை வாங்கிய பில்கள், கொடுக்கல் வாங்கல் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு சந்திர வருடத்துக்கும் உங்களிடம் இருந்தது நிஸாபை (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) தாண்டியதா என்று பாருங்கள். தங்கத்தின் நிஸாபு சுமார் 85 கிராம். தாண்டிய வருடங்களுக்கு 2.5 சதவீதம். தவ்பாச் செய்ததால் இது தள்ளுபடி ஆகாது, ஏழைகளின் ஹக்கு அது.

5. மனிதர்களின் ஹக்கு

தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமையில் வந்து நின்றும் திவாலாகிப்போகிறவரைப் பற்றி முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒருவரைத் திட்டியிருப்பார், இன்னொருவரின் பொருளைத் தின்றிருப்பார், மற்றொருவரை அடித்திருப்பார். அவரது நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். நன்மை தீர்ந்துவிட்டால் அவர்களின் பாவம் இவர் தலையில் விழும். ஷஹீதுக்குக்கூட (இறைவழியில் உயிர்விட்டவருக்குக்கூட) கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை.

*பணம், பொருள்.* உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். எப்படி உங்களிடம் வந்தது என்று சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு உறையில் வைத்து "உங்களுக்குச் சேர வேண்டியது" என்று எழுதி வேறொருவர் வழியாகக் கொடுக்கலாம், கணக்கில் போடலாம். அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். அவர் பதிலுக்கு நன்றிக்கடன் பட்டுக்கொண்டு நிற்பார், அது புதிய சங்கடம்.

அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. எல்லா வாரிசுகளுக்கும். பழகிய மகன் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் மற்றவர்களின் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு தேடியும் ஆளே கிடைக்கவில்லை என்றால் அவர் பெயரில் ஸதகா (தர்மம்) கொடுங்கள். பின்னால் வந்து கேட்டால், அந்த ஸதகாவின் நன்மையை ஏற்பதா, பணத்தைத் திரும்ப வாங்குவதா என்பது அவர் விருப்பம். வாங்குவேன் என்றால் நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும்.

வட்டி வாங்கியிருந்தால் அசல் உங்களுடையது, மேலே வந்தது உங்களுடையது இல்லை (2:279). கொடுத்தவர் தெரிந்தவர் என்றால் அவரிடமே திருப்புங்கள். வங்கியில் சேர்ந்த வட்டியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அதில் நன்மை எதிர்பார்க்காதீர்கள், அழுக்கைக் கழுவியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். தபூக் போர்ப் பயணத்துக்குப் போகாமல் தங்கிவிட்ட நபித்தோழர் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோடு 50 நாள் யாரும் பேசவில்லை. தவ்பா ஏற்கப்பட்ட செய்தி வந்ததும் "என் சொத்து முழுவதையும் ஸதகாவாகக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்கள். "கொஞ்சம் வைத்துக்கொள்ளும், அதுதான் உமக்கு நல்லது" என்றார்கள் நபி (ஸல்). பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் பழைய கடனை அடைப்பது இன்னொரு ஹக்கைப் பறிப்பதுதான். மொத்தமாக முடியாவிட்டால் உரியவரிடம் தவணை கேளுங்கள்.

*மானம்.* அவதூறு சொல்லியிருந்தால், எந்த ஆட்கள் முன்னால் சொன்னீர்களோ அவர்களிடமே போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். கசக்கும், வேறு வழியில்லை. புறம்பேசியது அவருக்குத் தெரியாது என்றால், போய்ச் சொல்லிப் புதிதாகப் பகையை உண்டாக்குவதைவிட அவருக்காக துஆச் செய்து, பேசிய இடத்திலேயே அவரைப் பற்றி நல்லதைப் பேசுங்கள் என்று பல உலமாக்கள் சொல்கிறார்கள். அவர் காதுக்குப் போய்விட்டிருந்தால் நேரில் மன்னிப்புக் கேளுங்கள்.

ரமளானுக்கு முன்பும் ஹஜ்ஜுக்கு முன்பும் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புவார்கள், "தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று. மரியாதைக்கு நல்லதுதான். ஆனால் இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டு அந்தச் செய்தியை அனுப்பினால் கடன் தீராது. பதிலுக்குக் கைகூப்பும் பொம்மையை அனுப்புபவர் அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்ததாக நினைத்து அனுப்பவில்லை.

6. மறுபடி விழுந்தால்

விழுவீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் பலர் விழுகிறார்கள். அப்போது "என் தவ்பா போலி" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் ஷைத்தானுக்கு வேண்டியது. தவ்பாச் செய்தபோது உறுதி உண்மையாக இருந்ததென்றால் அது ஏற்கப்பட்டதுதான், பின்னால் விழுந்ததால் பழைய பாவம் திரும்ப வராது. புதியதற்குப் புதிதாகத் தவ்பா. ஒரு அடியான் பாவம் செய்து மன்னிப்புக் கேட்டான், மன்னிக்கப்பட்டான், மறுபடி செய்தான், மறுபடி கேட்டான், மறுபடியும் மன்னிக்கப்பட்டான் என்று மூன்று முறை திரும்பத் திரும்பச் சொல்லும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. "நாளைக்குத் தவ்பாச் செய்துகொள்ளலாம்" என்று திட்டம் போட்டு இன்று பாவம் செய்கிறவருக்கு இந்த ஹதீஸைச் சாக்காகக் கொடுக்க முடியாது. அவரிடம் உறுதியே இல்லை.

விழுந்த அன்றே 3ஆம் படிக்குத் திரும்புங்கள். அப்புறம் எப்படி விழுந்தீர்கள் என்று பாருங்கள்: பெரும்பாலும் 1ஆம் படியில் ஏதோ ஒரு கதவு சாத்தப்படாமல் இருக்கும்.

7. வஸிய்யத்து (உயில்) எழுதி வையுங்கள்

இதை யாரும் தவ்பாவோடு சேர்த்துச் சொல்வதில்லை. பாக்கி முடியும் வரை ஆயுள் இருக்குமா என்பது நம் கையில் இல்லை. வஸிய்யத்துச் செய்ய ஏதாவது உள்ள முஸ்லிம், அது எழுதப்படாமல் இரண்டு இரவு கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் உங்களுக்குத் தர வேண்டும், எத்தனை வருட ஸகாத் பாக்கி, எத்தனை நோன்பு, எந்தக் கஃப்பாரா. தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், இரண்டு சாட்சிகள் இருந்தால் நல்லது. உங்கள் நாட்டுச் சட்டப்படி செல்லுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடனை அடைத்த பிறகுதான் சொத்து வாரிசுகளுக்குப் பிரியும், மற்ற வஸிய்யத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் எல்லை. ஆனால் கடன் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் சொத்தை அப்படியே பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர்கள் மேல் குற்றமும் இல்லை.

ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று நம்பிக்கையான ஒருவரிடம். ஒவ்வொரு பாக்கி தீரும்போதும் தாளைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் வாரிசுகள் தீர்ந்த கடனையே மறுபடி தீர்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது இன்று இரவே சொல்லி வையுங்கள்.